"மாதம் எவ்வளவு வேண்டும்?" – காதி நீதிமன்றில் தாபரிப்பு தீர்மானிக்கப்படும் விதம்

நான்கு வருடங்களுக்கு முன்னர் எனது சாச்சியின் மகளுடன் காதி நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தேன். நீதிமன்றம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. ஒரு மேசை, நான்கைந்து கதிரைகள், சுவரோரம் கட்டுக் கட்டாகக் கோப்புகள் இருந்த ஓர் அறை. அவளுக்கு அப்போது வயது 31. மகன் தரம் 5 இல், மகள் முன்பள்ளியில். பதினொரு வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பின்னர் கணவர் தலாக் கேட்டு விண்ணப்பித்திருந்தார். சமரசப் பேச்சுக்கள் எல்லாம் முடிந்து, கொடுக்கல் வாங்கல் விடயத்துக்கு வந்திருந்தோம்.

காதி அவர்கள் கண்ணியமானவர். கோபப்படாமல், சத்தம் போடாமல் கேட்டார்: "மாசத்துக்கு எவ்வளவு வேணும் மகள்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்களே பாத்துச் சொல்லுங்க ஹஸரத்" என்றாள்.

கணவரிடமும் வருமானம் கேட்கப்பட்டது. கட்டாரிலிருந்து திரும்பி வந்து தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தவர், மாதம் 40,000 ரூபாதான் கிடைக்கிறது என்றார். அதற்கு எதிராகச் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. இத்தாக் காலத்துக்கு மாதம் 15,000 ரூபா, இரண்டு பிள்ளைகளுக்குமாக மாதம் 12,000 ரூபா என்று தீர்மானமானது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் ஓட்டோவுக்குள் அவள் கேட்டாள்: "ராத்தா, பன்னிரண்டாயிரம் என்டு எப்படிக் கணக்குப் பாத்தாங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சட்டத்தரணியும் அல்ல, ஆலிமாவும் அல்ல. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இன்றும் பாடசாலையில் கற்பித்து வருபவள். பிள்ளை ஒரு கேள்வி கேட்டுப் பதில் தெரியாவிட்டால், தேடிப் படித்துவிட்டு வந்து சொல்வதுதான் எங்கள் தொழில். அவளுடைய அந்தக் கேள்விக்காகத் தேடிப் படித்தவற்றையும், பின்னர் அதே காதி முன்னிலையில் கண்டுகொண்டவற்றையும் இங்கு எழுதுகிறேன். ஒரு தங்கைக்கோ மகளுக்கோ பயன்பட்டால் போதும்.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்?

இலங்கையில் முஸ்லிம் கணவன் மனைவிக்கு இடையிலான தாபரிப்பு விடயம் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. இச்சட்டம் 1954இல் நடைமுறைக்கு வந்தது. இதன் கீழ் காதிகளை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கிறது. நல்லொழுக்கமும் தகுந்த தகைமையும் உடைய முஸ்லிம் ஆண் ஒருவர் காதியாக நியமிக்கப்படலாம் என்று சட்டம் கூறுகிறது. சட்டப் பட்டம் கட்டாயமில்லை.

ஏனைய சமூகத்தவர்கள் தாபரிப்புக் கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்கிறார்கள். அங்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பொருந்தும். இரண்டு சட்டங்களுக்கும் இடையே முக்கியமான ஒரு வேறுபாடு இருக்கிறது. பொதுச் சட்டத்தில், தன்னைத் தானே பராமரிக்க இயலாத வாழ்க்கைத் துணைக்குத்தான் தாபரிப்பு. கணவனும் கேட்கலாம், மனைவியும் கேட்கலாம். இஸ்லாமியச் சட்டத்தில் நபகா கணவன் மீதுள்ள கடமை. மனைவி செல்வந்தராக இருந்தாலும், சம்பளம் எடுப்பவராக இருந்தாலும் அக்கடமை நீங்குவதில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஆசிரியர் கூடத்தில் ஒரு சகோதரியிடம், "நீங்கள் டீச்சர் தானே, உங்களுக்கு எதற்குத் தாபரிப்பு?" என்று உறவினர்களே கேட்டிருக்கிறார்கள். அவரும் வெட்கப்பட்டுக் கேட்காமலே விட்டுவிட்டார். மனைவி என்ற நிலையில் அவருக்கிருந்த உரிமையை அவருடைய சம்பளம் இல்லாமலாக்கிவிடாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்றிப் பேச முடியாது. சட்டத்தின் 74ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. செலவைக் குறைத்து, விடயத்தைக் குடும்பத்துக்குள் எளிமையாகத் தீர்ப்பதற்கு இது உதவலாம். ஆனால் பேசப் பழகிய ஆணும், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வாய் திறந்து பழகாத பெண்ணும் அங்கே தனித்தனியாக நிற்கிறார்கள். பெண்ணுக்காகப் பேச அங்கு ஆள் இல்லை. அவள் கொண்டுபோகும் கடதாசிதான் அவளுக்காகப் பேச வேண்டும்.

தாபரிப்பு ஒன்றல்ல

நாங்கள் முதற்தடவை செய்த பெரிய தவறு, எல்லாவற்றையும் "காசு" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுக்கொண்டது. சட்டத்தின் 47ஆம் பிரிவு காதி விசாரிக்கக்கூடிய கோரிக்கைகளைத் தனித்தனியாகவே குறிப்பிடுகிறது. சாதாரண மொழியில் அவற்றை இப்படிச் சொல்லலாம்.

முதலாவது, மஹர். திருமணத்தின்போது பேசப்பட்டு இன்னும் கொடுக்கப்படாமல் இருந்தால் அது கணவன் மீதுள்ள கடன். தாபரிப்பு தருகிறார் என்பதற்காக மஹர் கழியாது.

இரண்டாவது, திருமணம் நீடிக்கும் காலத்தில் மனைவிக்கான தாபரிப்பு. இதைக் கேட்பதற்கு விவாகரத்து நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கணவர் வீட்டைக் கவனிக்காமல் விட்டால், மனைவியாக இருந்துகொண்டே கோரலாம்.

மூன்றாவது, விவாகரத்துப் பதிவாகும் வரைக்கும், இத்தாக் காலத்துக்குமான தாபரிப்பு. பெண் கர்ப்பிணியாக இருந்தால் பிள்ளை பிறக்கும் வரை.

நான்காவது, பிரசவச் செலவு.

ஐந்தாவது, பிள்ளைகளுக்கான தாபரிப்பு.

ஆறாவது, கைக்கூலி. பெண்ணின் பாவனைக்கென்று மாப்பிள்ளையிடம் பெண் வீட்டார் கொடுத்த, அல்லது கொடுப்பதாக வாக்களித்த பணத்தையும் அசையும் பொருட்களையும் சட்டம் இவ்வாறு அழைக்கிறது. வீடு, வளவு போன்ற அசையாச் சொத்து இதற்குள் அடங்காது. அது மாவட்ட நீதிமன்றத்துக்குரிய விடயம். கிழக்கில் வீட்டைக் கொடுத்து மகளைக் கட்டிக்கொடுக்கும் பெற்றோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏழாவது, ஏற்கனவே தீர்மானித்த தாபரிப்பைக் கூட்டித் தரவோ குறைக்கவோ கேட்பது.

விண்ணப்பத்தில் இவற்றைத் தனித்தனி வரிகளாக எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை போட வேண்டும். பிள்ளைகளையும் தனித்தனியாக எழுதுவது நல்லது. "எனக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்பு வேண்டும்" என்று ஒரே வரியில் எழுதினால், தீர்மானமும் ஒரே வரியில் வரும். பிறகு அதில் எது யாருக்கு, எது எப்போது முடிகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

பிள்ளைகளின் பொறுப்பு யாருக்கு என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது மாவட்ட நீதிமன்றத்தில் பார்க்கப்படுவது. ஆகவே, "பிள்ளையை என்னிடம் விட்டால்தான் காசு தருவேன்" என்பதோ, "காசு தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன்" என்பதோ சரியான பதில் அல்ல. இரண்டும் வெவ்வேறு விடயங்கள்.

தொகை எப்படித் தீர்மானமாகிறது?

என் தங்கை கேட்ட கேள்விக்கான நேரடிப் பதில் இதுதான்: நிலையான சூத்திரம் எதுவும் கிடையாது. சம்பளத்தில் இத்தனை வீதம் என்றோ, பிள்ளை ஒன்றுக்கு இத்தனை ரூபா என்றோ சட்டம் சொல்லவில்லை. திருமணம், விவாகரத்துச் சார்ந்த விடயங்களில் தரப்பினரின் உரிமைகளும் கடமைகளும் அவர்கள் பின்பற்றும் மத்ஹபின் படி தீர்மானிக்கப்பட வேண்டும் என்று 98ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே காதி மத்ஹபையும் தனது மதிப்பீட்டையும் கொண்டே தீர்மானிக்கிறார்.

இந்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பான்மையினர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். மேமன் சமூகத்தவர் போன்றோர் ஹனபி மத்ஹபினர். ஷாபிஈ மத்ஹபில் நபகாவின் அளவுக்குக் கணவனின் வசதியே அடிப்படை. வசதியுள்ளவர், நடுத்தரமானவர், வறியவர் என்று பிரித்து, உணவின் அளவை முறையே இரண்டு முத்து, ஒன்றரை முத்து, ஒரு முத்து என்று அக்கால இமாம்கள் கணித்தார்கள். ஹனபி மத்ஹபில் கணவன், மனைவி இருவரின் நிலையும் கவனிக்கப்படும். வசதியுள்ளவர் தனது வசதிக்கேற்பவும், வசதி குறைந்தவர் தனக்குக் கிடைத்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்ற அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனக் கருத்து எல்லோருக்கும் பொதுவானது.

ஆக, காதியின் முன்னால் இருக்கும் முதற்கேள்வி கணவரின் உண்மையான வருமானம் என்ன என்பது. இரண்டாவது கேள்வி, மனைவி பிள்ளைகளின் உண்மையான தேவை என்ன என்பது. இரண்டுக்கும் பதில் வாய்வார்த்தையாக மட்டும் இருந்தால் அனுமானம்தான் மிஞ்சும். எங்கள் வழக்கில் நடந்தது அதுதான். காதி அநீதி செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பக்கத்தில் 40,000 என்ற ஓர் எண் இருந்தது. எங்கள் பக்கத்தில் எந்த எண்ணும் இல்லை.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் அடிக்கடி எழும். "இவ எண்ட அனுமதி இல்லாம வீட்ட விட்டுப் போனவ" என்று கணவர் சொல்வார். நுஷூஸ், அதாவது கணவனுக்குரிய கடமையை நியாயமின்றி மறுத்தல், நிரூபிக்கப்பட்டால் மனைவியின் தாபரிப்பு உரிமை பாதிக்கப்படும். ஆனால் அடியும் ஏச்சும் தாங்காமல் உம்மா வீட்டுக்குப் போனவளும், காரணமின்றிப் போனவளும் ஒன்றல்ல. ஏன் போனாள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வைத்தியசாலைத் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் சொன்னதற்கான கடிதம் போன்றவை அங்கே பயன்படும். மனைவி மீது நுஷூஸ் இருப்பதாகக் கொண்டாலும், அதற்காகப் பிள்ளைகளின் தாபரிப்பை நிறுத்த முடியாது.

நாங்கள் இரண்டாம் தடவை கொண்டுபோனவை

பத்து மாதங்களின் பின்னர், பிள்ளைகளின் தாபரிப்பைக் கூட்டித் தருமாறு கேட்டு விண்ணப்பித்தோம். இம்முறை ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, வரவுப் பதிவேட்டுக்குக் கோடு போடுவதைப் போலக் கோடு போட்டேன். மூன்று மாதச் செலவை அவள் அன்றாடம் எழுதினாள். அதன் சராசரி இப்படி வந்தது: இரு பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு 14,000, பால்மாவுக்கு 5,000, மகனின் பாடசாலை வான் 6,000, மேலதிக வகுப்பு 4,500, மகளின் இழுப்பு நோய்க்கான மருந்து 2,500, உடுப்பு, கொப்பி, பேனைக்கு 3,000. மொத்தம் 35,000 ரூபா. பற்றுச்சீட்டுக்களை ஒட்டினோம். வான்காரரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் கையொப்பமிட்ட துண்டு வாங்கினோம். மகளின் கிளினிக் கொப்பியைப் பிரதி எடுத்தோம்.

அடுத்தது கணவரின் வருமானம். அரச ஊழியர் என்றால் சம்பளப் பட்டியல் இருக்கும், இலகு. வியாபாரி என்றால் கடினம். நாங்கள் செய்தது சிறிய வேலைகள்தான். கடையின் பெயர்ப் பலகையைப் படம் எடுத்தோம். இரண்டு பேர் அங்கே வேலைக்கு இருப்பதை எழுதினோம். அதே ஊரில் இரண்டாவது கடை திறந்ததாக அவரே முகநூலில் போட்டிருந்த விளம்பரத்தை அச்செடுத்தோம். முன்னர் கட்டாரிலிருந்து அவர் மாதாமாதம் அவளுடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணத்தின் கூற்றை வங்கியில் எடுத்தோம். பொய் எதுவும் சேர்க்கவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதவுமில்லை.

காதி கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். கணவரிடம், "ரெண்டு கட, ரெண்டு வேலையாள், வருமானம் நாப்பதாயிரமா?" என்று கேட்டார். அன்று நீண்ட நேரம் பேச்சு நடந்தது. முடிவில் பிள்ளைகளுக்கு மாதம் 28,000 ரூபா என்று தீர்மானமானது. அதே காதி, அதே அறை, அதே தரப்பினர். முதல்நாள் இல்லாதிருந்த கொப்பி மட்டுமே புதிது.

இத்தாவுக்குப் பிறகு?

இங்கேதான் எங்கள் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தொலைக்காட்சியிலும் முகநூலிலும் இந்திய வழக்குகளைப் பார்த்துவிட்டு, விவாகரத்துக்குப் பிறகு ஆயுள் முழுவதும் ஜீவனாம்சம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் ஷா பானு வழக்கு, அதன் பின் 1986இல் வந்த சட்டம், அச்சட்டத்துக்கு 2001இல் டேனியல் லத்தீபி வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த விளக்கம் என்று நீண்டதொரு வரலாறு உண்டு. அவை அந்நாட்டுச் சட்டங்கள். நமது காதி நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்த மாட்டா.

இங்கு விவாகரத்துச் செய்யப்பட்ட பெண்ணுக்கான தாபரிப்பு இத்தாவுடன் முடிகிறது. மாதவிடாய் வரும் பெண்ணுக்கு மூன்று தவணைகள், மாதவிடாய் நின்றவருக்கு மூன்று மாதங்கள், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை. என் தங்கையின் கணக்கைப் பாருங்கள். மாதம் 15,000 வீதம் ஏறக்குறைய மூன்று மாதங்கள். மொத்தம் 45,000 ரூபா. பதினொரு வருடம் சமைத்து, துவைத்து, அவர் கட்டாரில் இருந்த காலத்தில் அவருடைய உம்மாவையும் பார்த்தவளுக்குக் கிடைத்த தொகை அது.

மார்க்கத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு வழங்கப்படும் மதாஃ என்ற பொருளுதவி அது. அல்பகரா அத்தியாயத்தின் 236ஆம், 241ஆம் வசனங்கள் இதைப் பற்றிப் பேசுகின்றன. பிரிவுக்கு மனைவி காரணமாக இல்லாதபோது கணவர் இதைக் கொடுப்பது கடமை என்பது ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. மலேசியக் கூட்டாட்சிப் பிரதேசங்களின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்திலும், சிங்கப்பூரின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்திலும் இது பெயர் குறித்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்நாட்டு முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாபிஈகளே.

நமது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் மதாஃ என்ற சொல் இல்லை. 98ஆம் பிரிவின் வழியாக மத்ஹபின் சட்டத்தைக் காட்டிக் கேட்க இடமிருக்கிறது. ஆனால் சட்டத்தில் பெயர் குறித்து இல்லாததால், கொடுக்கப்படுவதும் கொடுக்கப்படாததும் அந்தந்தக் காதியின் பார்வையில் தங்கியிருக்கிறது. முன்னாள் உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்டு, 2018இல் அறிக்கை சமர்ப்பித்த குழு இவ்விடயத்தையும் கவனத்தில் எடுத்திருந்தது. சட்டத் திருத்தம் பற்றி நமது சமூகத்தில் பல கருத்துகள் உண்டு. திருமண வயது, பலதார மணம், பெண் காதி என்று விவாதங்கள் சூடாக நடக்கின்றன. ஆனால் மதாஃ விடயத்தில் மார்க்கத்துக்கு முரண் என்ற பேச்சுக்கே இடமில்லை. குர்ஆனில் உள்ள, நமது மத்ஹப் கடமையென்று சொல்கிற ஒன்றைச் சட்டத்தில் எழுதிவைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்? இது எனது பணிவான கேள்வி.

சட்டம் மாறும் வரை, தலாக் வழக்கை எதிர்நோக்கும் பெண் தனது எழுத்து மூலக் கோரிக்கையில் மதாஃவையும் ஒரு தனி வரியாகச் சேர்க்கட்டும். கேட்டது பதிவில் இருந்தால்தான், மறுக்கப்பட்டதை மேன்முறையீட்டில் காட்ட முடியும். நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

"எல்லாம் தீர்ந்தது" என்ற கடதாசி

முதலாவது விசாரணைக்கு ஒரு கிழமைக்கு முன்னர், கணவரின் காக்கா ஒரு கடதாசியோடு சாச்சி வீட்டுக்கு வந்தார். இரண்டு இலட்சம் ரூபா தருவதாகவும், அதன் பின் மஹர், இத்தா, பிள்ளைகளின் செலவு உட்பட எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. "கோட்டு, கச்சேரி என்டு அலையத் தேவல்ல" என்றார். சாச்சிக்கு அது பெரிய தொகையாகத் தெரிந்தது. தங்கை பேனையை எடுத்துவிட்டாள். பிள்ளைகளின் பெயர் அதில் இருப்பதைக் கண்டு நான்தான் தடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்திருக்கிறேன்.

பின்னர் கணக்குப் பார்த்தோம். பிள்ளைகளின் மாதச் செலவுக்கென்று பிறகு தீர்மானிக்கப்பட்ட 28,000 ரூபாவை வைத்துப் பார்த்தால், இரண்டு இலட்சம் ஏழு மாதங்களுக்குத்தான் போதும். மகன் தரம் 5 இல் இருந்தான். சாதாரண தரம் எழுதவே இன்னும் ஆறு வருடங்கள்.

குல்உ கேட்கும் பெண்களும் இதைக் கவனிக்க வேண்டும். குல்உவில் மனைவி மஹரைத் திருப்பிக் கொடுத்தோ, தனது உரிமைகள் சிலவற்றை விட்டுக்கொடுத்தோ விடுதலை பெறுகிறாள். அது அவளுடைய உரிமை, அவள் விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைகளின் தாபரிப்பு பிள்ளைகளின் உரிமை. அதை வைத்துத் தாய் பேரம் பேசக் கூடாது, தகப்பன் அதைக் கேட்கவும் கூடாது. அதேபோல, கணவர் செலவுக்குத் தராமலோ கொடுமைப்படுத்தியோ இருந்தால், முதலில் குல்உவுக்குப் போகாமல் பஸஹ் கேட்க முடியுமா என்று விசாரித்துப் பாருங்கள். கணவரின் குற்றத்தை நிரூபித்துப் பெறும் பஸஹில் மஹரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை எழாது. எத்தனையோ பெண்கள் அலைச்சலுக்குப் பயந்து, தமக்குரியதைத் தாமே கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்கள்.

தீர்மானித்த பணம் வராவிட்டால்

தீர்மானம் வந்தவுடன் அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தொகை, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, மாதத்தில் எந்த நாளில், எந்த வழியில் என்பன அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

பணம் வராவிட்டால் காதியிடமே திரும்பவும் முறையிட வேண்டும். காதி நிலுவைத் தொகையைச் சான்றுப்படுத்தி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். 64ஆம் பிரிவின்படி நீதவான் அதை ஒரு குற்றப்பணத்தைப் போல அறவிடுவார். அங்கே தொகையை மறுபடி நிர்ணயிப்பதில்லை, அறவிடுவதே வேலை. நீதவான் நீதிமன்றத்தில் சட்டத்தரணி தோன்றலாம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். ஒவ்வொரு மாதமும் வந்ததையும் வராததையும் குறித்து வைத்திருந்தால் நிலுவையைக் காட்டுவது இலகு. ஷாபிஈ மத்ஹபில் கொடுக்கப்படாத நபகா கணவன் மீது கடனாக நிற்கிறது. ஆகவே அவர் எந்த மாதத்திலிருந்து செலவுக்குத் தரவில்லை என்பதையும் ஆரம்ப விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

தீர்மானத்தில் திருப்தி இல்லாவிட்டால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே, அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். மேன்முறையீட்டுக்குக் கால எல்லை உண்டு. தீர்மானம் கிடைத்த அன்றே அந்தத் திகதியைக் காதியிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை

இது ஆண்களுக்கு எதிரான கட்டுரை அல்ல. கூலி வேலை செய்யும் தகப்பனிடம் 28,000 கேட்பது அநியாயம். அவரும் தனது வருமானத்தையும் கடனையும் நோயாளியான பெற்றோரின் செலவையும் எழுதிக்கொண்டு போகட்டும். வருமானம் குறைந்தால் தாபரிப்பைக் குறைக்கக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு.

என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியர், மூன்று வருடங்களாக மகளின் தாபரிப்பைக் கையிலேயே கொடுத்து வந்தார். பிறகு பிணக்கு வந்தபோது, கொடுத்ததற்கு ஒரு துண்டும் இல்லை. கொடுத்ததையே திரும்பவும் கொடுக்கும் நிலை வந்தது. வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், அல்லது கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நமது மார்க்கம்.

நாம் செய்யக்கூடியது

சட்டத் திருத்தம் நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒரு படிவம் நம் கையில் இருக்கிறது. இரு தரப்பினரும் வருமானம், செலவு, பிள்ளைகளின் தேவை ஆகியவற்றை நிரப்பிக் கையொப்பமிடும் இரண்டு பக்கப் படிவம் ஒன்றைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பெண்கள் அமைப்புகளும் தயாரித்து வைக்கலாம். காதிமாரும் அதை வரவேற்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆதாரமின்றி ஒரு தொகையைச் சொல்வது அவர்களுக்கும் பாரம்தான். எழுத வாசிக்கச் சிரமப்படும் உம்மாமாருக்கு அதை நிரப்பிக் கொடுக்க ஊருக்கு இரண்டு ஆசிரியைகள் போதும். நான் என் ஊரில் செய்து வருகிறேன்.

வகுப்பறையில் எங்களுக்கு இந்த விடயம் வேறு மாதிரித் தெரியவரும். திடீரென்று ஒரு பிள்ளை வான் விட்டு நடந்து வரத் தொடங்கும். கொப்பி முடிந்தும் புதிய கொப்பி வராது. சுற்றுலாப் பணம் கேட்கும் நாளில் வயிற்றுவலி என்று வராமல் நிற்கும். காரணத்தை விசாரித்தால், எங்கோ ஓர் அறையில் அரை மணித்தியாலத்தில் தீர்மானித்த ஒரு தொகை இருக்கும்.

என் தங்கையின் மகன் இப்போது தரம் 9. பணம் சில மாதங்களில் பிந்தினாலும் வருகிறது. செலவுக் கொப்பியை அவனே எழுதுகிறான். சென்ற மாதம் தகப்பனைச் சந்திக்கப் போனபோது அதையும் எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறான். மேலதிக வகுப்புக் கட்டணம் கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த மாதம் தகப்பன் கேட்காமலேயே 2,000 ரூபா கூட்டி அனுப்பியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

காதி முன்னிலையில் நிற்கப்போகும் சகோதரிகளே, "மாதம் எவ்வளவு வேண்டும்?" என்ற கேள்வி உங்களிடமும் வரும். தலையைக் குனிய வேண்டாம். கொப்பியை நீட்டுங்கள்.